விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றுவிட்டதா? திரையில் தெரிவதை வைத்துச் சரிசெய்யும் வழி

"ஒரு மணி நேரமா அப்படியே நிக்குது, ஆஃப் பண்ணிடட்டுமா?" தெரிந்தவர்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக் கொடுக்கிறவன் என்பதால், இந்தக் கேள்வியோடு எனக்கு அடிக்கடி போன் வரும். நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: திரையில் என்ன எழுதியிருக்கிறது, அப்படியே வாசியுங்கள். அந்த ஒரு வரியை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும். அதனால்தான் இதையும் திரையில் தெரிவதை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்கள் திரைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன், அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

சொல்லியிருப்பதெல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். செட்டிங்ஸ் வழிகளை 11-இல் இருக்கிறபடி எழுதியிருக்கிறேன். 10-இல் அவற்றில் பல 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி' என்ற பகுதிக்குள் இருக்கும்.

## பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்: நின்றுவிட்டதா, மெதுவாகப் போகிறதா?

நின்றுவிட்டதாகச் சொல்லி என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை உண்மையில் நிற்கவில்லை. திரையில் காட்டும் சதவீதம் சீராக ஏறுவதில்லை. 27-இல் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு ஒரே தாவலில் 40-க்குப் போகும். சுற்றும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கம்ப்யூட்டரில் பெரிய பதிப்பு மாற்றம் ஓடினால் மூன்று, நான்கு மணி நேரம்கூட ஆகும். சுற்றும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி உள்ளதில் அதே வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க மூன்று சோதனைகள்:

- டிஸ்க் விளக்கு இருந்தால் அதைக் கவனியுங்கள். விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல் மினுக்கினால் வேலை நடக்கிறது.
- விளக்கு இல்லாத லேப்டாப்பில் அடிப்பக்கம் உள்ளங்கையை வையுங்கள். ஒருமுறை 35 சதவீதத்தில் இரண்டு மணி நேரமாக நின்ற ஒரு பழைய லேப்டாப்பை அப்படித்தான் பார்த்தேன். இடது ஓரத்தில், டிஸ்க் இருக்கும் இடத்தில், மெல்லிய அதிர்வும் நடுநடுவே 'கிர்... கிர்' என்ற சத்தமும் இருந்தன. சார்ஜரை மாட்டி அப்படியே விட்டோம். சாயங்காலம் தானாக முடிந்து லாகின் திரைக்கு வந்துவிட்டது. எஸ்எஸ்டியில் அதிர்வு இருக்காது. சூடும் ஃபேன் சத்தமும்தான் அடையாளம்.
- கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் இன்னும் பதில் சொல்கிறது என்று பொருள். விளக்கு அசையவே இல்லை என்றால் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

என் கணக்கு இதுதான். எஸ்எஸ்டி என்றால் சதவீதம் நகராமல் இரண்டு மணி நேரம், ஹார்ட் டிஸ்க் என்றால் நான்கு மணி நேரம் பொறுப்பேன். நேரம் இருந்தால் ராத்திரி முழுவதும் விட்டுவிடுவேன். சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், மூடி திறந்தே இருக்க வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது மிக முக்கியம். விண்டோஸின் சுழலும் புள்ளிகளுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் தயாரிப்பாளரின் சின்னமும் அதன் கீழே ஒரு கோடும் தெரிகிறதா? ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா? ஃபர்ம்வேர் அல்லது பயாஸ் என்ற சொல் எங்காவது இருக்கிறதா? அப்படியானால் அது மதர்போர்டுக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் அப்டேட் வழியாகவே இதுவும் வரும். இந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தினால் மதர்போர்டே செயலிழக்கலாம். நானாக இருந்தால் அந்தத் திரையில் பவர் பட்டன் பக்கமே போக மாட்டேன். மறுநாளும் அதே திரை என்றால் தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டர்தான் வழி.

## அறிகுறி 1: செட்டிங்ஸ் பக்கத்தில் 'டவுன்லோடிங்' அல்லது 'இன்ஸ்டாலிங்' சதவீதம் நகரவில்லை

கம்ப்யூட்டர் வழக்கம்போல வேலை செய்கிறது, அப்டேட் மட்டும் 0, 20, 100 என்று எங்காவது ஓரிடத்தில் நிற்கிறது. பயப்பட ஒன்றுமில்லாத அறிகுறி இது. எளிதிலிருந்து கடினத்துக்குப் போவோம்.

இணைப்பு. விபிஎன் (இணைய இணைப்பை வேறு வழியாகச் சுற்றிவிடும் புரோகிராம்) போட்டிருந்தால் நிறுத்துங்கள். வைஃபை பெயருக்குள் போய் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டேட்டாவைச் சேமிக்க அதை எப்போதோ ஆன் செய்துவிட்டு மறந்திருப்போம். அது ஆன் ஆக இருந்தால் விண்டோஸ் பெரிய அப்டேட்களைத் தானாக இறக்காது.

ரீஸ்டார்ட். 'ஷட் டவுன்' செய்து மறுபடி போடுவது வேறு, 'ரீஸ்டார்ட்' வேறு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆக இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். அதைச் செய்யுங்கள்.

காலி இடம். சி டிரைவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? மாதாந்திர அப்டேட்டுக்கு 10 ஜிபி இருந்தால் நிம்மதி. பதிப்பே மாறும் பெரிய அப்டேட்டுக்கு 20 ஜிபிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று போனால் தேவையற்றதை நீக்கலாம். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது நீங்கள் இறக்கி வைத்த உங்கள் சொந்த ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர். அவசரத்தில் அதையும் சேர்த்து அழித்துவிட்டு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிரபிள்ஷூட்டர். செட்டிங்ஸ், சிஸ்டம், டிரபிள்ஷூட், 'அதர் டிரபிள்ஷூட்டர்ஸ்', அதில் 'விண்டோஸ் அப்டேட்'. ஓட்டிப் பாருங்கள். சில நேரம் இதுவே போதும்.

பாதி இறங்கிய ஃபைல்களை நீக்குவது. என் அனுபவத்தில் இந்த அறிகுறிக்கு அதிகம் கைகொடுப்பது இதுதான். இறங்கிய அப்டேட்டில் ஒரு துண்டு கெட்டுப்போயிருந்தால் விண்டோஸ் அதையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

1. ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறங்கள்.
2. பட்டியலில் 'விண்டோஸ் அப்டேட்' மீது வலது கிளிக் செய்து 'ஸ்டாப்'. 'பேக்ரவுண்ட் இன்டலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்' என்பதையும் அதேபோல் நிறுத்துங்கள்.
3. சி டிரைவ், விண்டோஸ் ஃபோல்டர், 'சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்', அதற்குள் 'டவுன்லோட்'. இதன் உள்ளே இருப்பதை எல்லாம் அழியுங்கள். ஃபோல்டரை அப்படியே விட்டுவிடுங்கள்.
4. இரண்டு சர்வீஸையும் 'ஸ்டார்ட்' செய்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி அப்டேட் தேடச் சொல்லுங்கள்.

"இந்த ஃபைலை இன்னொரு புரோகிராம் பயன்படுத்துகிறது" என்று அழிக்க விடாமல் தடுத்தால், சர்வீஸ் தானாக மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும். திரும்ப நிறுத்திவிட்டு உடனே அழியுங்கள்.

அப்போதும் இல்லையென்றால் விண்டோஸின் சொந்த ஃபைல்களில் பழுது இருக்கலாம். கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து, முதலில் டிஐஎஸ்எம் கருவியை 'ஆன்லைன்', 'கிளீன்அப்-இமேஜ்', 'ரெஸ்டோர்ஹெல்த்' என்ற மூன்று சொற்களோடு ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஓர் இடைவெளியும் சாய்கோடும் (கேள்விக்குறி இருக்கும் பொத்தானில் உள்ளது) வரும், ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். அது முடிந்த பிறகு எஸ்எஃப்சி கருவியை, அதேபோல் இடைவெளி, சாய்கோடு போட்டு 'ஸ்கேன்நவ்' என்ற சொல்லோடு ஓட்டுங்கள். இந்த வரிசை முக்கியம். இரண்டாவது கருவி மாற்று ஃபைல்களை எடுக்கும் கிடங்கையே முதலாவது சரிசெய்கிறது. டிஐஎஸ்எம் 62.3 சதவீதத்தில் நெடுநேரம் நிற்பது வழக்கம். அங்கேயும் பொறுமைதான்.

## அறிகுறி 2: ரீஸ்டார்ட் ஆன பிறகு 'வொர்க்கிங் ஆன் அப்டேட்ஸ்' அல்லது 'கெட்டிங் விண்டோஸ் ரெடி' திரையில் உறைந்துவிட்டது

மேலே சொன்ன காத்திருப்பு நேரம் முடிந்துவிட்டது, டிஸ்க் விளக்கும் அமைதி, கேப்ஸ் லாக்கும் பதில் சொல்லவில்லை. இப்போது:

முதலில் வெளியே மாட்டியிருப்பதை எல்லாம் கழற்றுங்கள். பிரிண்டர், வெளி ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், யுஎஸ்பி ஹப் எல்லாம். பக்கவாட்டுத் துளையில் இருக்கும் மெமரி கார்டு கண்ணில் படாது, அதையும் பார்த்து எடுங்கள். மூன்று முறை அப்டேட் தோற்றுப்போன ஒரு லேப்டாப்பில் காரணம் கடைசியில் அந்தக் கார்டாகத்தான் இருந்தது. விரல் நகத்தால் அழுத்தினால் 'டிக்' என்று வெளியே வரும், அவ்வளவு சின்னது. அதை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டதும் அப்டேட் முழுதாக ஓடியது.

அடுத்து கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள். சில நேரம் அப்டேட் முடிந்தும் திரை மட்டும் மாறாமல் இருக்கும். இதை அழுத்தியதும் லாகின் திரை வந்துவிடும்.

வரவில்லையென்றால் பவர் பட்டனை 10 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து அணையுங்கள். அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும்: விட்ட இடத்திலிருந்து தொடரும், அல்லது மாற்றங்களைத் திரும்பப் பெறத் தொடங்கும் (அறிகுறி 3), அல்லது எழவே எழாது (அறிகுறி 5). முதலிரண்டும் நல்ல செய்தி, தொந்தரவு செய்யாமல் விடுங்கள். அணைத்து அணைத்துப் போட்டுப் பார்ப்பது மட்டும் வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மின்சாரம் ஒவ்வொரு முறை அறுபடும்போதும் இன்னும் சில ஃபைல்கள் கெட வாய்ப்பு உண்டு.

## அறிகுறி 3: 'அன்டூயிங் சேஞ்சஸ்' என்று சொல்லிப் பழைய நிலைக்கே திரும்புகிறது

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் விண்டோஸ் இப்படிச் செய்கிறது. இது அப்டேட் ஏறியதைவிட அதிக நேரம்கூட எடுக்கலாம், முடியும்வரை விடுங்கள். லாகின் ஆன பிறகு செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், 'அப்டேட் ஹிஸ்டரி' போய்ப் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அதிகம் சந்தித்தவை இவை (கடைசி எட்டு இடங்களை மட்டும் தருகிறேன்):

- 80070070: சி டிரைவில் இடம் போதவில்லை.
- 80070020: ஒரு ஃபைலை வேறு புரோகிராம் பிடித்துவைத்திருக்கிறது. பெரும்பாலும் தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ். அப்டேட் முடியும்வரை அதை நீக்கிவைத்தால் சரியாகிவிடும். விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும்.
- 800எஃப்0922: விபிஎன் ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது விண்டோஸ் தனக்கென ஒதுக்கிய சின்னப் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) நிரம்பியிருக்கலாம்.
- 800எஃப்081எஃப்: பழுது நீக்கத் தேவையான மூல ஃபைல் கிடைக்கவில்லை. அறிகுறி 1-இன் கடைசி வழி.
- 80070643: 2024 ஜனவரியில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட் விண்டோஸ் 10-இல் பலருக்கு இந்த எண்ணோடு தோற்றது. ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இல்லாததே காரணம். பார்ட்டிஷன் அளவை மாற்றிப் பழக்கமில்லையென்றால் இதைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறது என்றால் அவசரமும் இல்லை.

ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் ஏறி, தோற்று, திரும்பி, மறுபடி ஏறி என்று சுழன்றால் 'பாஸ் அப்டேட்ஸ்' அழுத்தி ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். அந்த அமைதியில் முதலில் உங்கள் ஃபைல்களைப் பிரதி எடுங்கள். அப்புறம் அறிகுறி 1-இல் சொன்ன வழிகளை வரிசையாகச் செய்யுங்கள்.

அதெல்லாம் செய்தும் தோற்றால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் முழுவதும் ஒரே ஃபைலாக அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, இரட்டைக் கிளிக் செய்து திறந்து, உள்ளே இருக்கும் 'செட்டப்' ஓட்டுங்கள். 'கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' என்பது தேர்வாகியிருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே தொடருங்கள். உங்கள் ஃபைலும் புரோகிராமும் இருக்கும்படி விண்டோஸை மட்டும் புதிதாக மேலே போட்டுவிடும். இரண்டு நாள் மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

## அறிகுறி 4: அப்டேட் முடிந்தது, ஆனால் கறுப்புத் திரையும் மவுஸ் குறியும் மட்டும்

மவுஸ் நகர்கிறது என்றால் விண்டோஸ் எழுந்துவிட்டது, முகப்புதான் வரவில்லை.

விண்டோஸ் பொத்தான், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு 'பீப்' சத்தத்தோடு, திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். பலனில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'ரன் நியூ டாஸ்க்' பெட்டியில் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே டிரைவரின் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானைப் பாருங்கள். புதிய டிரைவர் ஒத்துவராததுதான் இங்கே வழக்கமான காரணம்.

## அறிகுறி 5: விண்டோஸ் எழவே இல்லை, ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது

விண்டோஸ் தொடங்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் அடுத்த முறை தானாகவே ரெக்கவரி திரைக்குப் போகும். அணைத்துப் போடாதீர்கள் என்று மேலே சொன்னேன். எழாத விண்டோஸை இந்தத் திரைக்குக் கொண்டுவருவதற்காக மட்டும் அது தேவைப்படுகிறது. அங்கே 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'.

எதைச் செய்வதற்கும் முன் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள். விண்டோஸ் எழாமலே இதைச் செய்ய முடியும் என்பது பலருக்குத் தெரியாது. பென் டிரைவ் ஒன்றை மாட்டி, 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நோட்பேடில் 'ஃபைல்', 'ஓப்பன்' அழுத்தினால் வருகிற சின்ன ஜன்னலில் எல்லா டிரைவும் தெரியும். கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிக்கொண்டு, உங்கள் பெயர் உள்ள ஃபோல்டரைத் தேடி, வலது கிளிக் செய்து காப்பி எடுத்து, பென் டிரைவில் ஒட்டலாம். ஒட்டும்போது முன்னேற்றக் கோடு எதுவும் தெரியாது, உறைந்ததுபோல் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், உங்கள் சி டிரைவ் டி என்று தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

அதன் பிறகு இந்த வரிசையில் போங்கள்:

1. 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. அரிதாகத்தான் பலிக்கும், ஆனால் கெடுதல் இல்லை.
2. 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. இதில் 'குவாலிட்டி' என்பது மாதாந்திர அப்டேட், 'ஃபீச்சர்' என்பது பதிப்பு மாற்றம். கடைசியாக ஏறியது எதுவோ அதை நீக்குங்கள். எழாமல் போன கம்ப்யூட்டர்களில் எனக்கு அதிகம் உதவியது இதுதான். பதிப்பு மாற்றத்தை வழக்கமாக 10 நாளுக்குள்தான் திரும்பப் பெற முடியும்.
3. 'சிஸ்டம் ரெஸ்டோர்'. முந்தைய தேதி ஏதாவது பட்டியலில் இருந்தால்.
4. 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', ரீஸ்டார்ட், பிறகு 4 என்ற எண். சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை) எழுந்தால் அறிகுறி 1-இன் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு வழக்கம்போல ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
5. 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'கீப் மை ஃபைல்ஸ்'. உங்கள் ஃபைல் இருக்கும், நீங்கள் போட்ட புரோகிராம்கள் போய்விடும்.

## அறிகுறி 6: நீலத் திரையில் பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்கிறது

அப்டேட்டுக்குப் பிறகு, முக்கியமாக ஃபர்ம்வேர் மாறிய பிறகு, இது வரும். பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி. டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, அந்த எண்தான் சாவி. வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பட்டியலில் இந்தக் கம்ப்யூட்டருக்குரிய ரெக்கவரி கீயைப் பாருங்கள். பல கீ இருந்தால், நீலத் திரையில் தெரியும் 'கீ ஐடி'யின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுக்கலாம். அலுவலக அல்லது கல்லூரிக் கம்ப்யூட்டர் என்றால் அங்குள்ள கம்ப்யூட்டர் பிரிவிடம் இருக்கும்.

அந்த எண் எங்கும் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளதை எந்த வல்லுநராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். இதைப் படிக்கும்போது உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இப்போதே அந்த எண்ணைத் தேடி ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

டிஸ்க் சீரான இடைவெளியில் 'டக், டக்' என்று தட்டினால் உடனே அணைத்துவிடுங்கள். அது சாகிற டிஸ்க். அதில் அப்டேட் பழுது பார்ப்பது, ஸ்கேன் ஓட்டுவது எல்லாம் மிச்சத்தையும் கெடுக்கும். பயாஸ் திரையிலேயே டிஸ்க் பெயர் தெரியவில்லை என்றாலும் அதே நிலைதான். படங்களோ கணக்குகளோ முக்கியம் என்றால் டேட்டா மீட்பவரிடம் நேராகப் போங்கள், வேறு யாரும் கை வைக்கும் முன்.

ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு திரையே வரவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது என்றால் தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டர். வாரன்ட்டி இருந்தால் திருகைக்கூடத் திறக்காதீர்கள். அறிகுறி 5-இன் ஐந்து படியும் தோற்றால் புதிதாக விண்டோஸ் போட வேண்டியதுதான். 8 ஜிபி பென் டிரைவும் பழக்கமும் இருந்தால் நீங்களே போடலாம். ஃபைல்கள் இன்னும் உள்ளே மாட்டியிருக்கின்றன என்றால் மட்டும் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தத் திரையில், எந்த சதவீதத்தில் நின்றது, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், பிழை எண், இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள். அதன் மேலே, பெரிய எழுத்தில், "என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்ய வேண்டாம்" என்று எழுதி, வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டு வாருங்கள்.